நடன இசைக் கலைஞர்கள் இசைக் காணொளிகள் மூலம் தங்களுக்கென்று ஓர் அடையாளத்தை எப்படி உருவாக்கிக்கொள்கிறார்கள்? சின்ன ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா?

முடியும். எப்படி என்பதை விளக்க வெளிநாட்டு உதாரணங்கள் சிலவற்றோடு எங்கள் ஊர் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் மிச்சமிருக்கும் ரப்பர்ச் சிறுதோட்டங்கள் என்று தோட்டப்புறத்தை ஒட்டி வளர்ந்த ஊர். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படம்பிடித்துத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். அதோடு, உருமி மேளக் குழுக்களுக்கும் கணினியில் நடன இசை அமைக்கும் இளைஞர்களுக்கும் காணொளி எடுத்துத் தருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

நடன இசைக்கு மட்டும் அடையாளம் ஏன் சிக்கலாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். திரைப்பாடலுக்கு நடிகரின் முகம் இருக்கிறது. ராப் இசையில் பேசுகிறவரே கலைஞர். 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ ராப் தொகுப்பு வந்தபோது எங்கள் பையன்கள் முகத்தையும் குரலையும் ஒன்றாகவே அறிந்துகொண்டார்கள். நடன இசையை அமைப்பவரோ பெரும்பாலும் பாடுவதில்லை. பாடுவதற்கு வேறொருவரை அழைக்கிறார், கேட்பவர் மனத்தில் பாடியவரே தங்கிவிடுகிறார். அமைத்தவர் மேசைக்குப் பின்னால் நின்று பொத்தான்களைத் திருகுவதை நான்கு நிமிடம் காட்டினால் யார் பார்ப்பார்கள்? ஆகவே அந்த இசைக்கு ஓர் உடலைக் காணொளிதான் தர வேண்டியிருக்கிறது.

அந்த உடல் முகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூர்மையான வேல் ஒன்று நட்டிருந்தால் போதும், சிலை இல்லாமலே அது முருகன் சன்னிதி என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல நடன இசைக் கலைஞர்கள் அப்படி ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அதை எத்தனை காணொளி ஆனாலும் விடுவதில்லை.

நார்வே நாட்டின் ஆலன் வாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் வந்த ‘ஃபேடட்’ காணொளியை எஸ்தோனியாவின் கைவிடப்பட்ட கட்டடங்களில் படமாக்கினார்கள். தலையை மூடும் சட்டையும் முகக்கவசமும் அணிந்த ஓர் ஆள் இடிபாடுகளுக்கிடையே தன் வீட்டைத் தேடி அலைகிறான். அதில் நடித்தவர் வாக்கர் அல்லர். இதன் சாமர்த்தியமே அதுதான். அந்த உடையை அணிகிற எவரும் அந்த உலகத்தின் ஆள் ஆகிவிடலாம். அதன் பார்வைகள் 300 கோடியைத் தாண்டிவிட்டன. மார்ஷ்மெல்லோவின் வெள்ளை வாளித் தலை, டெட்மௌஸின் எலித்தலை ஆகியவையும் இதே வழியில் வந்தவை. அவீச்சி 2013-இல் இன்னும் நேரடியாகவே செய்தார். ‘வேக் மீ அப்’ காணொளியில், ஊரோடு ஒட்டாமல் தனித்திருக்கும் ஒரு பெண்ணின் கையில் அவருடைய முக்கோணச் சின்னம் பச்சை குத்தப்பட்டிருக்கும். நகரத்துக்குப் போகும்போது அதே சின்னத்தைச் சுமப்பவர்களை அவள் சந்திப்பாள். கலைஞரின் வணிகச் சின்னம் அங்கே கதையாகவே மாறிவிடுகிறது.

பிரெஞ்சு இரட்டையரான டாஃப்ட் பங்க் இருவரும் 2001-இல் ‘டிஸ்கவரி’ தொகுப்பு வெளிவந்த காலத்தில் தலைக்கவசத்துக்கு மாறினார்கள், பிறகு பொதுமேடையில் அதைக் கழற்றவில்லை. 2021 பிப்ரவரியில் குழுவைக் கலைத்தபோதுகூட அறிக்கையோ பேட்டியோ தராமல், ‘எப்பிலோக்’ என்ற பெயரில் எட்டு நிமிடத்துக்குச் சற்றே குறைவான காணொளி ஒன்றைத்தான் வெளியிட்டார்கள். உலகம் புரிந்துகொண்டது. இருபது ஆண்டுகள் ஒன்றையே கட்டிக்காத்தவர்களால்தான் அப்படி விடைபெற முடியும்.

ஆனால் முகமூடி கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் தம்பிகளிடம் நான் சண்டைக்கே போவேன். முகமூடி வெறும் வாசல். உள்ளே இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் காணொளிதான் பல ஆண்டுகள் நிற்கும். டாஃப்ட் பங்க் குழு 1997-இல் ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ பாடலை இயக்குநர் மிஷேல் கோண்ட்ரியிடம் கொடுத்தது. அவர் இசையை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் ஓசைக்கும் ஒரு நடனக் கூட்டத்தைப் பங்கிட்டார். ரோபோக்கள் குரலுக்கு, விளையாட்டு வீரர்கள் பேஸ் எனும் கனத்த கீழ் ஒலிக்கு, நீச்சல் உடைப் பெண்கள் கீபோர்டுக்கு, எலும்புக்கூடுகள் கிதாருக்கு, மம்மிகள் தாளத்துக்கு. பேஸ் ஏறினால் வீரர்கள் படி ஏறுகிறார்கள், இறங்கினால் இறங்குகிறார்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் பாடல் அது. காணொளியைப் பார்த்த பிறகு அந்தத் திரும்பல் அலுப்பாகத் தெரிவதில்லை. எங்கே எது நுழைகிறது, எது விலகுகிறது என்று காது தானாகத் தேடத் தொடங்கிவிடுகிறது. அந்த இருவரின் முகமோ பெயரோ காட்டாமலே அவர்களுடைய கைவேலையை அது நமக்கு அறிமுகம் செய்கிறது.

2002-இல் கெமிக்கல் பிரதர்ஸின் ‘ஸ்டார் கிட்டார்’ பாடலுக்கு அதே கோண்ட்ரி ரயில் ஜன்னலை மட்டும் வைத்துக்கொண்டார். பிரான்சில் ஒரே ரயில் பாதையைப் பலமுறை படம்பிடித்து, கம்பம், பாலம், தொட்டி, எதிர்வண்டி என்று கடந்து செல்பவை ஒவ்வொன்றும் ஓர் ஒலியோடு சரியாக வந்து விழும்படி கணினியில் அடுக்கினார். ஈப்போவிலிருந்து கோலகங்சார் நோக்கிப் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செம்பனை வரிசைகள் பக்கவாட்டில் திறந்து மூடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் வேலைக்குத் தேவையான தாளம் நம் நிலத்திலேயே நடப்பட்டிருக்கிறது.

பணத்தைப் பற்றி: ஃபேட்பாய் ஸ்லிமின் ‘பிரெய்ஸ் யூ’ காணொளிக்கு ஏறக்குறைய 800 அமெரிக்க டாலர்தான் செலவானதாகச் சொல்கிறார்கள். இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ் தாமே ஒரு கத்துக்குட்டி நடனக் குழுவின் தலைவராக நடித்து, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு திரையரங்கின் வாசலில் அனுமதியில்லாமல் ஆடி முடித்தார். 1999-இல் அது மூன்று எம்டிவி விருதுகளை வாங்கியது. அடுத்து 2001-இல் ஸ்லிமும் ஜோன்ஸும் இன்னொரு பாடலுக்கு நடிகர் கிறிஸ்டோஃபர் வாக்கனைத் தனியாக ஒரு ஹோட்டல் கூடத்தில் ஆடவிட்டார்கள். இங்கே ஓர் ஆபத்து உண்டு. நடிகர் பெயரால் நினைக்கப்படும் காணொளி கலைஞரை விழுங்கிவிடலாம். ஃபேட்பாய் ஸ்லிம் தப்பித்ததற்குக் காரணம், இரண்டு காணொளியிலும் ஒரே குணம் ஓடியது என்பதுதான்: நடனக்காரர் என்று யாரும் நினைக்காத மனிதர்கள் வெட்கமில்லாமல் ஆடுகிறார்கள். அவருடைய முத்திரை அந்தக் குணம்.

நம் பக்கத்து உதாரணம் பஞ்சாபிப் பாடகர் டலேர் மெஹந்தி. அழகிகளை ஆடவிடுவதால்தான் அவர் பாட்டு ஓடுகிறது என்று சிலர் பேசினார்களாம். 1998-இல் ‘துனக் துனக் துன்’ காணொளியில் அவர் ஒருவரே நான்கு உடைகளில் நால்வராக வந்து ஆடினார். இன்றுவரை உலகம் அவரை நினைப்பது அந்த ஆட்டத்தால்தான்.

டிஜே ஸ்னேக்கின் ‘டர்ன் டவுன் ஃபார் வாட்’ பாடலுக்கு 2014-இல் காணொளி எடுத்த டேனியல் குவான், டேனியல் ஷைனர்ட் இருவரும் பிறகு எடுத்த திரைப்படத்துக்காகத்தான் 2023-இல் நம் ஈப்போவில் பிறந்த நடிகை மிஷல் இயோ ஆஸ்கார் வாங்கினார். இசைக் காணொளியைச் சில்லறை வேலை என்று நினைக்கும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இந்தச் செய்தியைத்தான்.

இனி எங்கள் ஊர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அடையாளம் என்றால் என்னவென்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உருமி மேளக் குழு ஒவ்வொன்றுக்கும் சட்டை நிறம், பெயர், சின்னம் உண்டு. தைப்பூசத்தில் நூறு அடி தூரத்திலேயே எந்தக் குழு வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தெளிவு கணினியில் இசை அமைக்க உட்காரும்போது காணாமல் போய்விடுகிறது. உடனே கோலாலம்பூர், வாடகைக்கு எடுத்த கார், கறுப்புக் கண்ணாடி, இரட்டைக் கோபுரம்.

ஒரு தம்பி உருமியின் உறுமல் ஒலியைப் பதிவுசெய்து அதன்மேல் நடன இசை கட்டிக்கொண்டு வந்தார். வளைந்த குச்சி இடப்பக்கத் தோலில் தேய்ந்து எழுப்பும் அந்த ஒலி வயிற்றைப் பிசையும். உலகில் வேறு யாரிடமும் இல்லாத பேஸ் அது. அவருடைய அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். அங்கேயே முடிவு செய்தோம்: தலைவிளக்கு.

விடிவதற்கு முன்பு, வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் தொழிலாளிகள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரைக்கு நிரை நடப்பார்கள். அந்த விளக்கை நேராகக் கேமராவை நோக்கித் திருப்பினால் ஒளி மட்டும் நிற்கும், முகம் இருளில் மறைந்துவிடும். கடையில் வாங்கும் எந்த முகமூடியும் தராத அடையாளம் அது. “அண்ணே, நான்தான் என்று யாருக்குமே தெரியாதே” என்றார். “விளக்கு தெரியும்” என்றேன்.

இன்னும் மரம் வெட்டுகிற ஓர் அக்கா தம் சிறுதோட்டத்தில் படமெடுக்க விட்டார். தம்பி சும்மா உளியைப் பிடித்துப் பாவனை காட்ட அவர் சம்மதிக்கவில்லை. “பட்டையை மட்டும் சீவு. உள்மரத்தில் உளி பட்டால் அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது” என்று கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். உளி பட்டையில் குறுகக் குறுக இழுபடும் சரக், சரக் என்ற ஒலியைத் தனியாகப் பதிவுசெய்தோம். அதுவே பாடலின் மேல்தாளம் ஆனது. சீவிய கோட்டில் பால் கசிந்து, சிறு தகடு வழியாக மங்கில், அதாவது பால் சேரும் கிண்ணத்தில், விழும் வரை ஒரே காட்சி. மழை பெய்து பட்டை ஈரமானால் வெட்ட மாட்டார்கள், எங்களுக்கும் படப்பிடிப்பு இல்லை. பாடல் வெடிக்கும் இடத்தில் உருமிக் குழுப் பையன்கள் நிரை நிரையாக நின்று, தாளத்தின் ஒரே தட்டில் தலைவிளக்குகளை ஏற்றினார்கள். ரப்பர் மரங்கள் கோடு பிடித்து நடப்பட்டவை. வெளிச்சமும் கோடு கோடாகவே ஓடியது.

தொகுப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. நொடிக்கு 25 ஃபிரேமில் எடுப்பவர்கள் பாடலின் வேகத்தை நிமிடத்துக்கு 125 தட்டாக வைத்துப் பாருங்கள். ஒரு தட்டுக்குச் சரியாக 12 ஃபிரேம் வரும், நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 48. வெட்டு எங்கும் நழுவாது. 128 என்றால் ஒரு தட்டுக்கு 11.7 ஃபிரேம்தான், அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டிக்கொண்டே போகாதீர்கள், கண் களைத்துவிடும். எட்டுச் சுற்றுக்கு ஒரு மாற்றம் போதும். விளக்கைச் சட்டத்தின் நடுவில் வைத்தால் கைப்பேசிக்கு நெடுக்காக வெட்டும்போதும் அது தப்பிக்கும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய திரைப்பாடல் மெட்டின் துண்டை எடுத்து அதன்மேல் தாளம் போடுகிறார்கள். யூடியூப் அதைத் தானாகக் கண்டுபிடித்துவிடும். வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது காணொளியே முடக்கப்படும். மூன்று ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால் உங்கள் பெயரில் எதுவும் மிஞ்சியிருக்காது. உருமி, தவில், உளி, செம்பனை ஆலையின் சங்கு என்று நீங்களே பதிவுசெய்த ஒலியில் தொடங்குங்கள்.

இரண்டாவது காணொளிக்குத் தம்பி மறுபடியும் காரைப் பற்றிப் பேசினார். நான் விடவில்லை. இம்முறை இரவுச் சந்தையில், ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே அதே தலைவிளக்கோடு நடந்தார். அவருடைய பெயர் தெரியாத பிள்ளைகள்கூட “விளக்கு அண்ணன்” என்று சுட்டிக்காட்டினார்கள். இப்போது விருந்து நிகழ்ச்சிகளில் அவர் மேடையேறும் முன்பு அரங்கை இருட்டாக்கி, அந்த ஒரு விளக்கை மட்டும் எரியவிடுகிறார்கள். முன்பணமும் முன்பைவிடக் கூடுதலாகவே கேட்கிறார், கொடுக்கிறார்கள்.

கையிருப்பு குறைவு என்றால் டிரோன் வேண்டாம், கார் வேண்டாம். நல்ல விளக்கு இரண்டு, நிலத்துக்காரரின் அனுமதி, உடன் ஆடும் பையன்களுக்குச் சாப்பாடு, ஒலிப்பதிவுக்கு ஒரு நல்ல மைக். முதல் காணொளிக்குப் பணத்தை இவற்றில் போடுங்கள்.