தேர்தல் முடிவால் எங்கள் நண்பர்கள் வட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது. மறுபடி ஒன்றாக உட்கார முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். வருடக்கணக்காக ஒன்றாகக் கூடி புத்தகம், அரசியல், உலக நடப்பு என்று எல்லாவற்றையும் பேசிய நண்பர்கள் வட்டம். தேர்தல் முடிவு வந்த அன்று பாதிப் பேர் துள்ளிக் குதித்தார்கள், பாதிப் பேர் இடிந்துபோனார்கள். வார்த்தை தடித்தது. இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள், இனிமேல் வட்டத்தில் அரசியலே பேசக் கூடாது என்று விதி போடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

மறுபடி உட்கார முடியும் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் வட்டமும் ஒரு தேர்தலில் இதே மாதிரி சிதறி, பிறகு பெரும்பாலும் திரும்பி வந்தது. நான் தோற்ற பக்கத்துக்கு வாக்களித்தவன். எந்தத் தேர்தல், எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. ஆனால் அரசியல் பேசக் கூடாது என்ற அந்த விதியை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். பேசுவதற்காகவே கூடுகிற வட்டத்தில், மனதை அரித்துக்கொண்டிருக்கிற விஷயத்தை வாயில் எடுக்கக் கூடாது என்றால், வருகிறவர்கள் மரியாதைக்கு வந்து மரியாதையாகக் கிளம்பிவிடுவார்கள். கொஞ்ச நாளில் வருவதும் நின்றுவிடும். இரண்டு வாரம் ஆறப் போடுங்கள், அது நல்லது. அதைத் தடையாக மாற்றிவிடாதீர்கள்.

இது வெறும் ஊகம் இல்லை. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த சில வாரங்களில் வந்த நன்றி நவிலல் நாளை (அங்கே குடும்பங்கள் கூடி விருந்து சாப்பிடும் நாள்) வைத்து கீத் சென், ரைன் ரோலா என்ற இருவர் ஓர் ஆய்வு செய்து, 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். கைபேசி இருப்பிடத் தரவுகளை வைத்துப் பார்த்ததில், எதிரெதிராக வாக்களித்த பகுதிகளைச் சேர்ந்த உறவினர்கள் சேர்ந்து சாப்பிட்ட விருந்துகள், மற்ற விருந்துகளைவிட 30 முதல் 50 நிமிடம் வரை சீக்கிரம் முடிந்திருந்தன. இதைப் படித்தபோது எனக்குத் தைத்த விஷயம், அந்தத் தரவில் சண்டை எதுவும் தெரியாது என்பதுதான். அரை மணி நேரம் முன்னதாக எழுந்து போனார்கள், அவ்வளவுதான் தெரியும். உறவு இப்படியும் தேயும்.

சரி, அந்த நாளில் உங்கள் நண்பர்களுக்குள் என்ன நடந்திருக்கும்? வென்றவரும் தோற்றவரும் ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடுவது போலத் தெரியும். உண்மையில் இருவர் பேச்சும் வேறு வேறு. வென்றவர், "பார்த்தாயா, மக்கள் என் பக்கம்தான்" என்கிறார். தோற்றவர் மனதில் ஓடுவது, "நீ வாக்களிக்கப் போனபோது என்னை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தாயா?" என்ற கேள்வி. அதை அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகக் கட்சியைத் திட்டுவார், வாக்களித்தவர்களை முட்டாள்கள் என்பார். அதைக் கேட்டதும் வென்றவர் பொருளாதாரத்தையும் புள்ளிவிவரத்தையும் எடுத்துப் போடுவார். கேட்கப்படாத அந்தக் கேள்வி அப்படியே கிடக்கும்.

முடிவுக்குப் பிறகு நாங்கள் கூடிய முதல் கூட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் தோழி ஒருத்தி சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வென்ற கட்சிக்கு வாக்களித்த நண்பன் வேலைவாய்ப்பு, விலைவாசி, பழைய ஆட்சியின் ஊழல் என்று அடுக்கிக்கொண்டே போனான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெற்றி ஊர்வலம் எங்க தெருவுல எல்லா வீட்டையும் தாண்டிப் போச்சு. எங்க வாசல்ல மட்டும் நின்னுச்சு. அம்மா விளக்கை அணைச்சிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாங்க" என்றாள்.

அவன் பேச்சை நிறுத்தினான். எங்கோ நாலு பேர் செய்ததற்குக் கட்சி என்ன செய்யும் என்று ஆரம்பிப்பான் என நினைத்தேன். அவன், "நின்னது யாரு, தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான். பக்கத்துத் தெருப் பையன்கள்தான், சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் என்றாள். "அப்புறம் ஏதாவது பண்ணினாங்களா?" "இல்ல. ஆனா அம்மா இப்பல்லாம் பகல்லயும் வாசக் கதவைத் திறந்து வைக்கிறதில்ல." அவன் இன்னும் ஏதேதோ கேட்டான். எல்லாமே அவள் அம்மாவைப் பற்றிய கேள்விகள். அந்த வட்டத்தில் அதற்கு முன்பு நான் கேட்ட எந்த வாதமும் அதற்கு ஈடாகாது.

அதற்குப் பிறகுதான் அவன் தன் கதையைச் சொன்னான். அவனுடைய அப்பா வேலை பார்த்த ஆலையை மூடி வருடக்கணக்கில் ஆகிறது. வரவேண்டிய பாக்கிப் பணம் வரவில்லை. மனு எடுத்துக்கொண்டு போனபோதெல்லாம் ஆளுங்கட்சிக்காரர்கள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர்தான் வீடு தேடி வந்து, அப்பாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவார். "நான் அந்த மனுஷனுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றான். அவள் அதற்கு மசியவில்லை. "நீ போட்ட ஓட்டுக்கு எங்க அம்மாதான் பயப்படறாங்க" என்று நேராகச் சொன்னாள். அவனும் மறுக்கவில்லை. இருவரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, இன்றுவரைக்கும் இல்லை. ஆனால் அவனுக்கு அந்த வாசல் தெரியும். அவளுக்கு அந்த ஆலை தெரியும்.

ஆகவே என் முதல் யோசனை: யாரையும் அவர் வாக்களித்த கட்சிக்கே வக்கீலாக நிற்க வைக்காதீர்கள். "உங்கள் ஆட்கள் இப்படிச் சொன்னார்களே, இதற்கு என்ன சொல்கிறாய்?" என்று கேட்டால் அவர் கட்சியைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். "நீ ஏன் போட்டாய்?", "உனக்கு எதைக் கண்டு பயம்?" என்று கேட்டால்தான் மனிதர் பேசுவார்.

எதிர்ப்பக்கத்தைப் பற்றி நம் மனதில் இருக்கும் படம் எவ்வளவு தப்பு என்பதற்கும் நல்ல ஆய்வு இருக்கிறது. டக்ளஸ் ஆலர், கௌரவ் சூத் இருவரும் 2018இல் வெளியிட்டது. குடியரசுக் கட்சியினரில் எத்தனை சதவீதம் பேர் வருடத்துக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். சராசரியாக வந்த பதில் 38 சதவீதம். உண்மையில் 2 சதவீதம்தான். நாம் கோபப்படுவது பெரும்பாலும் இப்படி நாமே வரைந்துவைத்த ஆளின் மேல். உங்கள் வட்டத்தில் எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர் அந்த ஆள் இல்லை என்பது, வருடக்கணக்காகப் பழகிய உங்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"நாடே இப்படி ஆகிவிட்டது" என்ற புலம்பலுக்கும், "நாடே எங்களோடு நிற்கிறது" என்ற கொண்டாட்டத்துக்கும் எண்களில் பெரிய ஆதாரம் இருப்பதில்லை. 2016 அமெரிக்கத் தேர்தலில் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க எண்ணினால் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாக வாங்கினார், ஆனாலும் தோற்றார், ஏனென்றால் அங்கே வெற்றி மாநில வாரியாகத்தான் தீர்மானமாகிறது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா என்ற மூன்று மாநிலங்களில் மொத்தம் சுமார் 78,000 வாக்குகள் அதைத் தீர்மானித்தன. அதே வருடம் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற பிரிட்டன் நடத்திய வாக்கெடுப்பு 51.9க்கு 48.1 என்று முடிந்தது. பத்து பேர் இருக்கும் அறையில் அது ஐந்துக்கு ஐந்து. முந்தின நாள் இருந்த அதே மக்கள்தான் மறுநாளும் இருக்கிறார்கள்.

இனி, யார் முதலில் இறங்கி வருவது? இதில் என் கருத்து கறாரானது. வென்றவர்தான் வர வேண்டும். தோற்றவர் மேல் இரக்கப்பட்டு இல்லை, அவரால் அன்றைக்கு முடியாது என்பதால். இதற்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கிறது. 1949இல் பெரியாரை விட்டுப் பிரிந்து திமுகவைத் தொடங்கியவர் அண்ணா. 1967 தேர்தலில் பெரியார் காமராஜரையும் காங்கிரஸையும் ஆதரித்து, திமுகவை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். திமுக வென்றது. அண்ணா பதவியேற்பதற்கு முன்பே திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். பதினெட்டு வருட மனக்கசப்புக்கு நடுவே, தன்னைத் தோற்கடிக்கப் பிரசாரம் செய்தவரின் வீட்டு வாசலுக்கு வென்றவரே போனார். வா என்று கூப்பிட்டு அனுப்பவில்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள்.

வென்றவர் வராவிட்டால் நடுவில் ஒருவர் வேண்டும். உங்கள் கேள்வியைப் பார்த்தால் அந்த ஆள் நீங்கள்தான் என்று தோன்றுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்க விடுதலைக்கு ஒன்றாக உழைத்த நண்பர்கள் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும். 1800 தேர்தலில் எதிரெதிராக நின்றார்கள், இரு பக்கப் பத்திரிகைகளும் மற்றவரைக் கேவலமாகத் தாக்கின. அப்போது அதிபராக இருந்த ஆடம்ஸ் தோற்றார். 1801 மார்ச் 4 அன்று ஜெஃபர்சன் பதவியேற்பதைப் பார்க்க நிற்காமல், விடிவதற்கு முன்பே தலைநகரை விட்டுக் கிளம்பிவிட்டார். ஏறக்குறைய 11 வருடம் நட்பு அறுந்து கிடந்தது.

நடுவில் ஒரு வாய்ப்பு வந்தது. 1804இல் ஜெஃபர்சனின் மகள் இறந்தபோது ஆடம்ஸின் மனைவி அபிகேல் ஆறுதல் கடிதம் எழுதினார். ஜெஃபர்சன் நன்றி சொல்லி எழுதிய பதிலில், ஆடம்ஸ் பதவியின் கடைசி நாட்களில் செய்த நியமனங்கள் தன்னை வருத்தின என்பதையும் சேர்த்துவிட்டார். பழைய கணக்கு திறந்தது, சில கடிதங்களில் அதுவும் முறிந்தது. உங்கள் வட்டத்தில் யாராவது சமாதானமாகப் பேச வரும்போது "எல்லாம் சரி, ஆனால் அன்றைக்கு நீ சொன்னது..." என்று தொடங்கினால் இதுதான் நடக்கும். அது பேச வேண்டியதுதான், முதல் பேச்சில் வேண்டாம்.

கடைசியில் சேர்த்துவைத்தவர் இருவருக்கும் நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ். 1809இல் ஆடம்ஸுக்கும், பிறகு ஜெஃபர்சனுக்கும் இதைப் பற்றி எழுதினார். திருப்பம் வந்தது 1811இல். ஆடம்ஸைப் பார்க்கப் போன ஜெஃபர்சனின் பக்கத்து ஊர்க்காரர்களிடம், ஜெஃபர்சன் மேல் தனக்கு எப்போதும் அன்புதான், இன்றும் அன்புதான் என்று ஆடம்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார். அது ஜெஃபர்சன் காதுக்குப் போனது. எனக்கு இது போதும் என்று அவர் ரஷுக்கு எழுதினார். 1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் முதல் கடிதத்தை அனுப்பினார். அதன் பிறகு இருவரும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். அவற்றில் அரசியலைத் தவிர்க்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி, யார் ஆளத் தகுந்தவர் என்பதைப் பற்றி எல்லாம் வாதாடினார்கள். ஒருவருக்கொருவர் நம்மை விளக்கிக்கொள்ளாமல் நாம் சாகக் கூடாது என்று 1813இல் ஆடம்ஸ் எழுதினார்.

ரஷ் செய்ததை நீங்களும் செய்யலாம். பிரிந்து போனவர்களைப் பற்றி இங்கே இருப்பவர்கள் கோபமாகவும் பேசுவார்கள், அக்கறையாகவும் பேசுவார்கள். அக்கறையான பேச்சை மட்டும் அந்தப் பக்கம் கொண்டு போங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது, நீங்களாக இட்டுக்கட்டவும் கூடாது. உண்மையிலேயே யாராவது "அவன் இல்லாமல் நல்லா இல்லை" என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள்.

எல்லாரும் திரும்பி வரத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வட்டத்தில் ஒருவன் வரவில்லை. தோழி அந்த ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னபோது, "உங்களுக்கு இது வேண்டியதுதான்" என்று சொன்னவன் அவன். அவனைக் கூப்பிடச் சொல்லி நாங்கள் யாரும் அவளை வற்புறுத்தவில்லை. மாற்றுக் கருத்து வேறு, கண் முன்னால் இருக்கும் ஒருத்தியின் பயத்தைப் பார்த்து மகிழ்வது வேறு. உங்கள் வட்டத்தை விட்டுப் போன அந்த இரண்டு பேரில் யாராவது அப்படி ஏதாவது செய்திருந்தாலோ, அவர்களுக்கு யாராவது அப்படிச் செய்திருந்தாலோ, சமாதானம் பேசுவதற்கு முன்னால் அதற்கு மன்னிப்பு வர வேண்டும். மன்னிப்பு வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்படி எதுவும் இல்லை, கோபத்தில் போனவர்கள்தான் என்றால் இந்த வாரமே போன் செய்யுங்கள். எல்லாரும் பார்க்கிற மாதிரி பொதுவாக எழுத வேண்டாம், அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு கூட்டமே காத்திருப்பது போல ஆகிவிடும். இருவரையும் ஒன்றாகக் கூப்பிடாமல் தனித்தனியாகப் பேசுங்கள், அவர்களோடு யார் அதிக நெருக்கமோ அவர் பேசட்டும். கூட்டத்துக்கு வா என்று கேட்காமல், எப்படி இருக்கிறாய், உன்னை வந்து பார்க்கட்டுமா என்று மட்டும் கேளுங்கள். போகும்போது வென்ற பக்கத்து நண்பர் யாராவது கூட வரத் தயாராக இருந்தால் அழைத்துப் போங்கள். அவர் அங்கே போய் எதையும் விளக்க வேண்டாம் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.