நெல்லை வட்டாரம் பற்றி எழுதும் வலைப்பூவுக்கு நல்ல பேக்லிங்க் (பிற தளங்கள் நமக்குத் தரும் இணைப்பு) சேர்ப்பது எப்படி? ஒரு ஏஜென்சி 500 லிங்க் மொத்தமாகத் தருகிறேன் என்கிறது, வாங்கலாமா?

வாங்காதீர்கள். மொத்தமாக விற்கப்படுபவை பெரும்பாலும் கமெண்ட் பகுதியிலும், யாரும் பார்க்காத டைரக்டரிகளிலும் (தளங்களின் பட்டியல் பக்கங்கள்) ஒட்டிய இணைப்புகள். 2012 ஏப்ரலில் போலி இணைப்புகளைக் குறிவைத்து கூகுளின் பென்குயின் அப்டேட் வந்தபோது இப்படிச் சேர்த்த தளங்கள் தேடலில் சரிந்தன. 2016 செப்டம்பர் முதல் கூகுள் இவற்றைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆக, அடி விழாவிட்டாலும் காசு போனதுதான். ஏஜென்சிகள் காட்டும் ‘டொமைன் அத்தாரிட்டி’ மோஸ் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண். கூகுள் தரவரிசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொருவர் தன் பக்கத்தில் எழுதும்போது ‘இதை அங்கே பாருங்கள்’ என்று கைகாட்டத் தேவைப்படும் பக்கம் உங்களிடம் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள். அல்வா வரலாறு ஆயிரம் இடத்தில் கிடக்கிறது, அதற்கு யாரும் இணைப்புத் தரமாட்டார்கள். ‘கூந்தன்குளம் போனோம்’ என்ற பயணக் கட்டுரையை ரசித்துப் படிப்பார்கள், அத்தோடு சரி. அதே கூந்தன்குளத்துக்கு எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, குளத்தில் இப்போது தண்ணீர் எவ்வளவு, நெல்லையிலிருந்து எந்த பஸ் என்று ஒரு அட்டவணை போட்டு, சீசனுக்கு சீசன் புதுப்பித்து வையுங்கள். பறவை ஆர்வலர் தளங்கள், தங்கும் விடுதிகள், பள்ளி ஆசிரியர்கள் எல்லோருக்கும் அது வேண்டும். பத்தமடைப் பாயும் அப்படித்தான். கோரையைக் கிழிப்பது, ஊறவைப்பது, சாயம் ஏற்றுவது, நெய்வது என்று கட்டத்துக்கு ஒரு படம், ரகத்துக்கு ஒரு விலை போட்டால் டிசைன் படிக்கும் மாணவர்கள் தேடி வருவார்கள். இப்படி மூன்று நான்கு பக்கம் போதும். அவற்றிலிருந்து உங்கள் மற்ற பதிவுகளுக்கு உள் இணைப்பு கொடுத்தால் வலு அங்கேயும் பாயும்.

ஊர் வலைப்பூக்களுக்குக் கைகொடுப்பது படங்கள்தான், ஆனால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. நீங்களே எடுத்த படத்தின் கீழ் ‘பெயரும் இந்தப் பக்கத்துக்கு இணைப்பும் தந்து யாரும் பயன்படுத்தலாம்’ என்று எழுதிவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கூகுள் லென்ஸில் உங்கள் படங்களைப் போட்டுத் தேடுங்கள். எடுத்தாண்டவர் கிடைத்தால் இவ்வளவு எழுதினால் போதும்: “வணக்கம். உங்கள் பாபநாசம் பக்கத்தில் உள்ள அகத்தியர் அருவிப் படம் நான் எடுத்தது. படம் இருக்கட்டும், கீழே என் பெயரும் இந்த முகவரிக்கு இணைப்பும் சேர்த்துவிடுங்கள்.” முதல் மெயிலிலேயே காப்புரிமைச் சட்டம் பேசினால் படத்தைத் தூக்கிவிடுவார்கள், இணைப்பும் போச்சு. செய்தித் தளங்களில் பெயரை மட்டும் போட்டு இணைப்பை விட்டுவிடுவதும் உண்டு. கேட்டால் சில இடங்களில் சேர்ப்பார்கள்.

இணைப்பு எந்தச் சொல்லின் மேல் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். பத்துத் தளமும் ‘திருநெல்வேலி சுற்றுலாத் தலங்கள்’ என்று ஒரே வாசகத்தில் இணைத்திருந்தால் செயற்கை என்று தெரிந்துவிடும். ‘எனக்கு நீ, உனக்கு நான்’ என்று அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வதும் கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு விரோதம். ஃபேஸ்புக், யூடியூப் விவரக்குறிப்பு, விக்கிப்பீடியா இணைப்புகள் ‘நோஃபாலோ’ வகை, அதாவது ‘இதைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளுக்குச் சொல்லும் குறி போட்டவை. ஆள் வரும், தரவரிசைக்கு நம்ப முடியாது. நீங்களே ஓட்டலிடம் பணம் வாங்கிக்கொண்டு எழுதினால், அந்த இணைப்பில் ‘ஸ்பான்சர்டு’ (பணம் பெற்றது) அல்லது ‘நோஃபாலோ’ குறி போட்டாக வேண்டும்.

கிடைத்த இணைப்பு முறிந்துபோவது பெரும்பாலும் முகவரியால். தமிழ் முகவரியை நகலெடுத்தால் எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொன்றும் ஒன்பது குறியாக விரியும். ‘கூந்தன்குளம்’ என்ற ஒரு சொல்லே 108 குறி. வேர்ட்பிரஸ் 200 குறிகளோடு வெட்டிவிடும். பிளாகரோ தமிழ்த் தலைப்பை விட்டுவிட்டு ‘பிளாக்-போஸ்ட்_12’ என்பதுபோல ஏதோ ஒன்றை வைக்கும். வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் பெர்மாலிங்க் (பதிவின் நிரந்தர முகவரி) கொடுங்கள், பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே தீரவேண்டும் என்றால் பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் வையுங்கள். பிளாகரிலேயே சொந்த டொமைன் சேர்த்தால் அது தானாகத் திருப்பிவிடும். வேர்ட்பிரஸுக்கு மாறும்போதுதான் கோட்டை விடுகிறார்கள்.

கணக்குப் பார்க்க, தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் ‘லிங்க்ஸ்’ பகுதி போதும். யார் இணைத்தார்கள், எந்தப் பக்கத்துக்கு, எந்த வாசகத்தில் என்று காட்டும். அது முழுப் பட்டியல் அல்ல, ஒரு பகுதிதான். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், தினமும் திறந்து பார்க்க வேண்டாம்.

ஏற்கெனவே இணைப்பு வாங்கித் தொலைத்திருந்தால் முதலில் சர்ச் கன்சோலிலேயே ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ (கூகுள் ஊழியர்கள் எடுக்கும் நடவடிக்கை) பாருங்கள். காலியாக இருந்தால் எதையும் தொடாதீர்கள். நோட்டீஸ் இருந்தால் மட்டும், முடிந்ததை விற்றவரிடமே சொல்லி நீக்கி, மீதியை டிஸ்அவோ (‘இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே’ என்று கூகுளுக்குச் சொல்லும்) பட்டியலில் ஏற்றி, மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள்.