ரிஃப்ளெக்‌ஷன் நோட்டு: "அழகாக எழுதுகிறார்கள், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை"

மேல்நிலை வகுப்புகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ரிஃப்ளெக்‌ஷன் எழுதக் கொடுப்பது, அதாவது தாங்கள் செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதச் சொல்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணிதம் எடுப்பவள். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் நீள்கட்டுரை (எக்ஸ்டெண்டட் எஸ்ஸே) எழுதும் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகவும் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த அந்த எல்லைக்குள் நின்றுதான் பதில்.

அரசு மாதிரிப் பள்ளி ஆசிரியர்: மேடம், மாவட்டத்திலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் எங்களிடம் வருகிறார்கள். "இந்தப் பாடத்தில் என்ன கற்றுக்கொண்டாய்?" என்று எழுதச் சொன்னால் எல்லோரும் பிரமாதமாக எழுதுகிறார்கள். "தோல்வியே வெற்றியின் முதல் படி" என்று முடிக்கிறார்கள். படித்து முடித்தால் மனதில் ஒன்றும் நிற்பதில்லை. தவறு எங்கே?

கேள்வியில்தான் சார். ஆசிரியருக்கு என்ன பிடிக்கும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே மோப்பம் பிடித்துப் பழகிய பிள்ளைகள் அவர்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும், அதுவும் நல்ல நடையில் வரும். சுமாராகப் படிக்கும் பிள்ளை இரண்டு வரியில் "ஒன்றும் புரியவில்லை" என்று எழுதிவிடும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அந்த நேர்மை வாய்ப்பது கஷ்டம், ஏனென்றால் நேர்மையாக எழுதியதுபோலக் காட்டவும் அதற்குத் தெரியும்.

நான் வகுப்பில் கொடுக்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு எண்ணை எடு. அதன் வர்க்கத்தோடு அதே எண்ணைக் கூட்டு, அப்புறம் 41-ஐக் கூட்டு. 0 என்றால் 41 வரும், 1 என்றால் 43, 2 என்றால் 47, 3 என்றால் 53. எல்லாமே பகா எண். எப்போதுமே இப்படித்தான் வருமா? கணித மேதை ஆய்லர் 1772-இல் காட்டிய கோவை இது. 39 வரை பிசகாமல் பகா எண்ணாகவே வரும். 40-ஐப் போட்டால் 1681, அதாவது 41 பெருக்கல் 41. அதோடு கதை முடிந்தது. வேகமான பிள்ளைகள் பத்துப் பதினைந்து வரை போட்டுப் பார்த்துவிட்டு "ஆம், எப்போதும்" என்று எழுதிவிடுவார்கள்.

இதற்குப் பிறகு "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் "அவசரப்படக் கூடாது என்று கற்றுக்கொண்டேன்" என்பார்கள். அதை வைத்து என்ன செய்ய? நான் கேட்பது வேறு: எந்த எண்ணில் நிறுத்தினாய்? அங்கே நிறுத்த எது காரணம்? ரஃப் நோட்டைப் பார்த்து எழுது.

அப்போது இப்படி வரும்: "12 வரை போட்டேன். 197 வந்தது. அது பகா எண்ணா என்று பார்க்க 13 வரை வகுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. போரடித்தது. மிஸ் கொடுத்த கணக்கு, எப்படியும் 'ஆம்' என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவன் முடித்துவிட்டான் என்று தெரிந்ததும் நானும் கொடுத்துவிட்டேன்."

இதில் ஒரு தத்துவமும் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை கணக்கை நம்பவில்லை, என்னை நம்பியிருக்கிறது என்பதும், பக்கத்து இருக்கையைப் பார்த்துத்தான் வேகத்தை முடிவு செய்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் அதற்கு என்ன கணக்கு கொடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும்.

பி.எட். பயிற்சி மாணவி: டீச்சர், எங்கள் கல்லூரியில் கிப்ஸ் சுழற்சியின் ஆறு படிகளையும் வைத்து எழுதச் சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்கலாமா?

ஒருமுறை கொடுங்கள், பழகட்டும். கிரஹாம் கிப்ஸ் 1988-இல் கொடுத்த வரிசை அது: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன், முடிவு, இனி என்ன. நர்ஸிங், ஆசிரியர் பயிற்சி போன்ற இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே வார்டிலோ வகுப்பிலோ உண்மையில் ஏதாவது நடந்திருக்கும். பதினாறு வயதுப் பிள்ளை அதை ரேஷன் கார்டு விண்ணப்பம்போல ஆறு கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடும்.

எனக்கு அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி சொன்னது போதுமானதாகப் படுகிறது. 1910-இலேயே எழுதினார்: சிந்தனை தொடங்குவது ஒரு குழப்பத்தில், பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில். ஆகவே பிள்ளையிடம் ஆறு கேள்வி வேண்டாம். "எந்த இடத்தில் இரண்டு வழி தெரிந்தது, ஏன் இதை எடுத்தாய்?" என்ற ஒன்று போதும். அப்படி ஒரு இடமே இல்லை என்று பிள்ளை சொன்னால், நாம் கொடுத்த வேலை அதற்கு மிகச் சுலபம் என்று அர்த்தம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். திணறாத வேலையைப் பற்றித் திரும்பிப் பார்க்கச் சொல்வது வீண்.

பத்தாம் வகுப்பு மாணவியின் அம்மா, கோயம்புத்தூர்: மேடம், என் மகள் எல்லாவற்றிலும் முதல். ஆனால் இந்த நோட்டை எடுத்தால் ஒரு பக்கம் எழுதுவாள், கிழிப்பாள், மறுபடி எழுதுவாள். ராத்திரி பதினொரு மணி ஆகிவிடுகிறது. கடைசியில் அழுகை. என்ன செய்வது?

முதலில் அந்த நோட்டை மாற்றுங்கள் அம்மா. நல்ல அட்டை, கோடு போட்ட பக்கம் எல்லாம் வேண்டாம். ரஃப் நோட்டின் பின்பக்கமே போதும். பத்து நிமிடம், ஐந்து வரி, பேனாவால்தான் எழுத வேண்டும், அடித்தால் அடித்தபடியே இருக்கட்டும். நேரம் முடிந்ததும் வாக்கியம் பாதியில் நின்றாலும் மூடிவிட வேண்டும். இதைப் பள்ளியிலும் பேசிவிடுங்கள். வீட்டில் ஒரு விதி, பள்ளியில் ஒரு விதி என்றால் பள்ளி விதிதான் ஜெயிக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. "நீ புத்திசாலிடா" என்று வீட்டில் எவ்வளவு சொல்கிறோம் என்று பாருங்கள். உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிடச் சுலபமான வேலையைத் தேடிப் போனார்கள். ஒருமுறை சறுக்கியதும் சீக்கிரமே கைவிட்டார்கள். உங்கள் மகளுக்குத் திரும்பிப் பார்த்து எழுதுவது என்றாலே "நான் புத்திசாலி இல்லையோ" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல இருக்கலாம். அவள் எழுதியதைக் கொஞ்ச நாள் வீட்டில் யாரும் படிக்காமல் இருந்தாலே பாதி பாரம் குறையும்.

ஐபி மாணவன், சென்னை: மிஸ், எக்ஸ்டெண்டட் எஸ்ஸே முடித்துவிட்டேன். ரிஃப்ளெக்‌ஷன் பகுதியில் என்ன எழுதினால் மார்க் வரும்?

நேராகக் கேட்டதற்கு நன்றி தம்பி. கட்டுரை 4000 சொல்லுக்குள், ரிஃப்ளெக்‌ஷன் 500 சொல்லுக்குள். பழைய முறையில் வழிகாட்டியுடன் மூன்று சந்திப்பு, மூன்று குறிப்பு, 34 மார்க்கில் 6 மார்க் இதற்கு. 2027 தேர்விலிருந்து கடைசியில் எழுதும் ஒரே குறிப்புதான். நீ எந்த ஆண்டுத் தேர்வு எழுதுகிறாய் என்று பார்த்துக்கொள்.

"நேர மேலாண்மையின் அருமையை உணர்ந்தேன்" என்ற வரி இருந்தால் இப்போதே அடித்துவிடு. எல்லோரும் எழுதும் வரி அது. உன் ஆய்வுக் கேள்வி முதலில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். நடுவில் எந்தத் தரவு, எந்தப் புத்தகம், எந்தத் தோற்றுப்போன சோதனை அதை மாற்றியது? அதை எழுதினாலே 500 சொல் பத்தாது. முடித்த பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாமே திட்டமிட்டு நடந்ததுபோலத்தான் தோன்றும். பழைய மின்னஞ்சல், வரைவு, வழிகாட்டி எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் தேடி எடு.

தமிழாசிரியர், தஞ்சாவூர்: உதாரணம் எல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து என்றே வருகிறது. பிள்ளைகளிடம் காட்ட நம்மிடம் ஏதாவது உண்டா?

ஐயா, உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. உ.வே.சா. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்கிறார். வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர், கெட்டிக்காரர் என்று ஊரே சொல்லும். அந்த ஆண்டு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்தீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியலே சொல்கிறார். முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். பழைய நூல்கள், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை பார்த்ததுண்டா என்று கேட்கிறார். இவர் பார்த்ததில்லை.

அறுபது ஆண்டு கழித்து, 1940-இல் ஆனந்த விகடனில் தொடங்கிய சுயசரிதையில் இதை எழுதுகிறார். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது, எழுதிய விதம். "அன்று என் கண் திறந்தது" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் தான் ஒப்பித்த பட்டியலை அப்படியே தருகிறார், எதிரே இருந்தவர் முகத்தில் வியப்பு வராததையும் தருகிறார், தனக்கு உண்டான ஏமாற்றத்தையும் மறைக்கவில்லை. தன் பெருமை எவ்வளவு இருந்தது என்று அவரே சொல்லவேண்டியதில்லை, பட்டியலின் நீளமே சொல்லிவிடுகிறது. அப்புறம் சமணக் காப்பியமான சிந்தாமணியின் ஏடு கைக்கு வந்தும் புரியாமல், சமணர் வீடுகளைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்துவிட்டது.

அந்தப் பகுதியை வகுப்பில் வாசித்துவிட்டு, "நீ பெருமையாக ஒப்பித்த ஒரு பட்டியலை எழுது. கேட்டவர் முகம் எப்படி இருந்தது?" என்று கொடுத்துப் பாருங்கள். ஒலிம்பியாட் சான்றிதழ், அபாகஸ் லெவல், கோச்சிங் ரேங்க் எல்லாம் வெளியே வரும்.

பள்ளித் தலைமையாசிரியர்: மார்க் போடலாமா, கூடாதா?

முடிந்தால் வேண்டாம். மார்க் என்றதும் அது இன்னொரு தேர்வு ஆகிவிடும். ஐபியிலேயே காஸ் என்ற சேவை, செயல்பாட்டுப் பகுதிக்கு 18 மாதம் குறிப்பு எழுதுகிறார்கள், ஆனால் மார்க் கிடையாது. மேலிடம் கட்டாயம் கேட்டால், எழுதிக் கொடுத்ததற்கு முழு மார்க், கொடுக்காததற்குப் பூஜ்யம். நடுவில் எதுவும் வேண்டாம்.

கணினி ஆசிரியர்: சாட்ஜிபிடியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். எப்படிப் பிடிப்பது?

பிடிக்கும் வேலையில் இறங்காதீர்கள், அதில் நாம் தோற்போம். இயந்திரத்துக்குத் தெரியாததைக் கேளுங்கள். உங்கள் பிள்ளை நேற்று எந்த வரியில் பிழை விட்டான், அதைத் தேட முதலில் எங்கே போய்ப் பார்த்தான், எவ்வளவு நேரம் தவறான இடத்தையே முறைத்துக்கொண்டிருந்தான் என்பது அதற்குத் தெரியாது. வகுப்பிலேயே கடைசிப் பத்து நிமிடத்தில், கையால், நோட்டிலேயே எழுதவிடுங்கள். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் வந்துசேரும் எதையும் நம்ப வேண்டாம்.

பெயர் வேண்டாம் என்ற ஆசிரியை: ஒரு மாணவி தன் வீட்டில் நடக்கும் மிக மோசமான ஒன்றை எழுதிவிட்டாள். "யாரிடமும் சொல்லாதீர்கள் மிஸ்" என்று கீழே இருந்தது. நான் என்ன செய்ய?

சொல்லாமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அவளைத் தனியாக அழைத்து, நம்பி எழுதியதற்கு நன்றி சொல்லிவிட்டு, யாரிடம் ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவளிடமே முதலில் சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி புகார் தருவது நம் கடமை, விருப்பம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் அவளைத் தனியே விடாமல் உடனே உதவிக்கு ஆள் சேருங்கள், அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416. இன்றே செய்யுங்கள், நாளை வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இதை யார் படிப்பார்கள், எதை நான் மறைக்க முடியாது என்பதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள். "உன் வாழ்க்கையின் வேதனையான அனுபவம்" என்பதுபோலத் தலைப்புக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986 ஆய்வைக் காட்டி, வலியை எழுதினால் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அங்கே எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள், எழுதியது ஆய்வுக்கு, ஆசிரியர் படித்து டிக் போடுவதற்கு அல்ல. அதிலும் எழுதிய உடனே அவர்களுக்கு மனது இன்னும் கனத்துத்தான் போனது. அப்படிக் கனத்த மனதோடு அடுத்த பீரியடுக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை.

மாணவனின் அப்பா, திருச்சி: ஆங்கில மீடியம். தமிழில் எழுத வராது, ஆங்கிலத்தில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது. எதில் எழுதட்டும்?

கணக்கு வராதபோது எந்த மொழியில் முணுமுணுக்கிறானோ அதில். கலந்து எழுதினாலும் சரி. இதில் எழுத்துப்பிழை திருத்த வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: மிஸ், எங்கள் நோட்டை யாரும் படிப்பதே இல்லை. நடுவில் ஒரு சினிமாப் பாட்டை எழுதி வைத்தேன், அதற்கும் டிக், "குட்" போட்டிருந்தது. அப்புறம் எதற்கு எழுத வேண்டும்?

பாட்டு வைத்துப் பார்த்தது நல்ல சோதனைதான், ஆனால் இத்தோடு போதும். உன் கேள்வியை ஆசிரியர்களுக்குத் திருப்பிவிடுகிறேன்: நாற்பது நோட்டை வாராவாரம் படிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் வாராவாரம் வாங்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து வரி வாங்குங்கள், "குட்"டுக்குப் பதில் ஒரே ஒரு கேள்வி எழுதிக் கொடுங்கள். "12-இல் நிறுத்தினேன் என்கிறாய். பக்கத்தில் யாருமே இல்லாதிருந்தால் எதுவரை போயிருப்பாய்?" இவ்வளவுதான். அடுத்த முறை பிள்ளை அதற்குப் பதில் எழுதித் தொடங்கட்டும்.

நீ உன் பங்குக்கு ஒன்று செய்யலாம்மா. அடுத்த குறிப்பின் கடைசி வரியை ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியாகவே எழுது. பாடத்தைப் பற்றிய, உண்மையிலேயே உனக்குப் பதில் தெரியாத கேள்வி. அதற்கும் டிக் வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நேரிலேயே கேட்டுவிடு.