பி.எஸ்.டபிள்யூ. சேரலாமா? செட்டிநாட்டு வாசகர் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே சமூகப்பணி இளங்கலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ. பற்றிக் கேள்விகள் குவியும். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, ஐந்துக்கு இங்கே பதில்.

காமர்ஸ் குரூப் படித்தேன். பி.எஸ்.டபிள்யூ. கிடைக்குமா? நுழைவுத் தேர்வு உண்டா?
*மாணவி, காரைக்குடி*

எந்த குரூப்பானாலும் பிளஸ் டூ தேர்ச்சி போதும். மூன்று வருடம், ஆறு செமஸ்டர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு பற்றி விசாரியுங்கள். சிக்கல் என்னவென்றால், எல்லா ஊர்க் கல்லூரியிலும் இந்தப் படிப்பு கிடையாது. எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் போன்றவை தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அதனால் அரசுக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். நேர்காணல் வைத்தால் “சேவை செய்ய ஆசை” என்று சொல்லாதீர்கள்; வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் தெருவில் நீங்கள் பார்த்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் வெளியே அனுப்புவார்களாமே? மகளை எப்படி அனுப்புவது?
*ஒரு தகப்பனார், தேவகோட்டை*

அனுப்புவார்கள் ஐயா. களப்பணி இல்லாமல் இந்தப் பட்டமே இல்லை. பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம், தொண்டு நிறுவனம் என்று இடத்தைக் கல்லூரிதான் ஒதுக்கும். ஆரம்பத்தில் பெரும்பாலும் கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான். அங்கே ஒரு மேற்பார்வையாளர், கல்லூரியில் ஓர் ஆசிரியர், இருவரும் பொறுப்பு. போய் வந்ததை அறிக்கையாக எழுதி, அதை வைத்து ஆசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கிராம முகாமும் உண்டு.

அங்கே என்ன வேலை என்கிறீர்களா? நம் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, பெரிய வளவு வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி; ஆத்தங்குடியில் நாள் முழுக்கக் குனிந்து டைல்ஸ் வார்க்கும் தொழிலாளி; முதியோர் உதவித்தொகை மனு எங்கே நிற்கிறது என்றே தெரியாத ஒரு பாட்டி. மனுவை மாணவியே எழுதிக் கொடுத்து முடித்துவிடலாம். ஆனால் பாட்டியே தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்கும்படி கூட நிற்பதுதான் பயிற்சி. கேட்க எளிது, இரண்டு செமஸ்டர் ஆனாலும் சிலருக்குக் கைவராது.

உங்கள் பயம் நியாயமானதுதான். சேர்க்கும்போதே கேளுங்கள்: மேற்பார்வையாளர் யார், போய்வர என்ன ஏற்பாடு, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவில் யார் யார். இதற்கு மழுப்புகிற கல்லூரி வேண்டாம்.

அக்கா கல்யாணத்தால் களப்பணி நாட்கள் குறைந்துவிட்டன. பரீட்சை எல்லாம் பாஸ். பட்டம் தடைபடுமா?
*மாணவர், கல்லல்*

தடைபடலாம் தம்பி. எழுத்துத் தாள் போனால் அரியர் எழுதிக்கொள்ளலாம். களப்பணிக்கு வருகையும், வைவா என்ற வாய்மொழித் தேர்வும் தனி; அதை ஹாலில் உட்கார்ந்து எழுதித் தேற முடியாது. நாளைக்கே ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, விடுமுறையில் ஈடுசெய்ய நாள் கேளுங்கள். போகாத நாளுக்கு அறிக்கை எழுதும் வேலை மட்டும் வேண்டாம். நீங்கள் களப்பணி செய்யும் இடத்திலும் வருகைப் பதிவேடு இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வயது 36. வீட்டிலிருந்தே படிக்கலாமா?
*இல்லத்தரசி, பள்ளத்தூர்*

இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, வயது வரம்பு இல்லை. குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அங்கேயும் களப்பணி உண்டு, ஆகவே ‘வீட்டிலிருந்தே’ என்பது பாதிதான் உண்மை. பிளஸ் டூ முடிக்கவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை இல்லாத பட்டம் தமிழக அரசு வேலைக்கு உதவாது.

எந்த டிகிரி படித்தவரும் எம்.எஸ்.டபிள்யூ. சேரலாமாம். அப்படியானால் பி.எஸ்.டபிள்யூ. எதற்கு?
*மாணவியின் தாயார், கானாடுகாத்தான்*

நல்ல கேள்வி ஆச்சி. எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணி முதுகலை; சேரலாம் என்பது சரிதான். அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. பி.எஸ்.டபிள்யூ. மட்டும் வைத்துக்கொண்டு தொண்டு நிறுவனங்களில் களப்பணியாளராகத் தொடங்கலாம். சம்பளம் பெரிதாக இருக்காது. மனநல சமூகப்பணியாளர் ஆவதற்கு, 2017 மனநலச் சட்டப்படி எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் இரண்டு வருட எம்.ஃபில். வேண்டும். என் கருத்து: மகளுக்கு இந்தத் துறைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் பி.எஸ்.டபிள்யூ., சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் பிடித்த டிகிரி, அப்புறம் எம்.எஸ்.டபிள்யூ. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.