முழு மீன், தேசிக்காய், மரக்கறி: ஓவன் சுடல் பற்றிய கேள்வி பதில்

கல்லடியிலிருந்து: அக்கா, ஒரு கிலோ கொடுவா கிடக்கு. எவ்வளவு சூட்டில, எவ்வளவு நேரம் வைக்க? கீழே மரக்கறியும் போட வேணும்.

பதில்: ஓவனை 200 பாகை செல்சியசில் வைத்து நன்றாகச் சூடேற விடுங்கள். எதை முதலில் வைப்பது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். உருளைக்கிழங்கும் கரட்டும் வேக 40 நிமிடம் கேட்கும். மீனுக்கு 25 முதல் 30 போதும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் கிழங்கு வேகும்போது மீன் சக்கையாகிவிடும். கிழங்கை ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, எண்ணெயும் உப்பும் பிரட்டி, தனியே 20 நிமிடம் வையுங்கள். பிறகு வெங்காயம், தக்காளி, கறிமிளகாய் போட்டு மேலே மீனை வையுங்கள்.

மீனின் செதில், குடல், செவுள் மூன்றும் போக வேண்டும். செவுளை விட்டால் கசக்கும். வயிற்றுக்குள் முள்ளந்தண்டை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு இரத்தக்கோடு இருக்கும். நகத்தால் கீறிச் சுரண்டிக் கழுவுங்கள். வெடுக்கு அங்கேதான் நிற்கிறது. பிறகு உள்ளும் புறமும் துணியால் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் இருந்தால் அது வற்றும்வரை மீன் அவியும், சிவக்காது.

இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளியில், கத்தி முள்ளில் முட்டும்வரை கீறுங்கள். கீறாவிட்டால் வால் காய்ந்த பிறகும் முதுகு பச்சையாக இருக்கும். இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒன்று மிளகுத்தூள், அரை மஞ்சள், இடித்த உள்ளி இஞ்சி, கொஞ்சம் எண்ணெய் எல்லாம் கலந்து மீனில் பூசுங்கள். வயிற்றுக்குள் தேசிக்காய் வட்டமும் கறிவேப்பிலையும். தலைக்குப் பின்னால் தடித்த இடத்தில் முள்ளுக்கரண்டியை விட்டுப் பாருங்கள். சதை முள்ளை விட்டுக் கழன்று, கண்ணாடித் தன்மை போய் வெண்மையாக இருந்தால் இறக்கலாம். வெப்பமானி இருந்தால் 63 பாகை. தேசிப்புளியை இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து: ஒரு மணித்தியாலம் தேசிப்புளியில ஊறப்போட்டா நல்லா இறங்காதா?

பதில்: வேண்டாம். புளி சதையின் புரதத்தை இறுக்கி நீரை வெளியேற்றும். அடுப்புக்குப் போகுமுன்பே மேற்சதை வெந்தது போல வெளுத்துவிடும். சூடும் ஏறினால் மாவு போல உதிரும். தேசித்தோலின் வாசம் நெருப்பில், சாறு கடைசியில்.

ஆரையம்பதியிலிருந்து: அதெப்படி அக்கா? தேசிக்காய் போட்டுக் கழுவாத வாவி மீன் எங்கட சட்டிக்குள்ள போகாது. சேத்து மணம் மறுகா எப்படிப் போகும்?

பதில்: கழுவுவது வேறு, ஊறவைப்பது வேறு. நீங்கள் சொல்வது வாவி மீனுக்குச் சரிதான். அந்தச் சேற்று மணம் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருகிறது. நீரிலும் சேற்றிலும் உள்ள நீலப்பச்சைப் பாசியும் பக்டீரியாவும் அதை உண்டாக்குகின்றன. செவுள் வழியாக உள்ளே போய்க் கொழுப்பில் தங்கும். புளி அதைச் சிதைக்கும். உப்பும் தேசிப்புளியும் தேய்த்து இரண்டு நிமிடம் விட்டு, கழுவி, துடையுங்கள். திலாப்பியா என்றால் வயிற்றின் உட்புறக் கறுப்புச் சவ்வையும் உரித்துவிடுங்கள்.

ஒலுவிலிலிருந்து: கடலில விளைமீனும் பாரையும் கிடக்க, சேத்து மீனை ஆர் சுடுவான்?

ஆரையம்பதியிலிருந்து: பாரை சுட்டா விறகு மாதிரி வரும். கொடுவாட நெய் அதில இருக்கா?

பதில்: கொடுவாவை வாவி மீன் என்று ஒதுக்க முடியாது. நன்னீரிலும் வாவியிலும் வளர்ந்து, முட்டையிட உப்பு நீர் தேடி முகத்துவாரப் பக்கம் போகிற மீன் அது. பாரை காய்ந்து போவது நேரப் பிழை. கொழுப்புக் குறைந்த மீனுக்கு ஐந்து நிமிடம் குறைத்து, எண்ணெய் கூட்டுங்கள். இரண்டு பேரும் மீன் வாங்கும்போது கண் தெளிவா, செவுள் சிவப்பா என்று பாருங்கள். ஊரை விட அதுதான் ருசியைத் தீர்மானிக்கும்.

கல்முனையிலிருந்து: தேசிக்காய் வட்டம் அடுக்கினேன், கசந்துவிட்டது.

பதில்: வெள்ளைத் தோலும் விதையும்தான் காரணம். விதை எடுத்து மெல்லிசாக வெட்டி, வயிற்றுக்குள் மட்டும் இரண்டு மூன்று வையுங்கள். தோடம்பழம் என்றால் மீனுக்கு அடியில்; மேலே வைத்தால் அதன் சீனி கருகும்.

வாழைச்சேனையிலிருந்து: அலுமினியத் தாளில் சுற்றலாமா?

பதில்: சுற்றினால் அவியல்தான், சுடல் இல்லை. புளியும் உப்பும் பட்டால் தாள் அரிக்கும். சுற்றத்தான் வேண்டுமென்றால் உள்ளே வாழையிலை.

பொத்துவிலிலிருந்து: சூரையை முழுசாச் சுடலாமா?

பதில்: சின்னது என்றால் சுடலாம். ஆனால் பிடித்ததிலிருந்து ஐசில் இருந்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையிலும் கும்பளாவிலும் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத நச்சுப் பொருள் உண்டாகும். எந்தச் சூடும் அதை அழிக்காது, தேசிக்காயும் அழிக்காது. நாக்கு சுணைத்தால் துப்பிவிடுங்கள்.

ஏறாவூரிலிருந்து: அரை மணித்தியாலம் மட்டும் புளியில ஊறவிட்டா?

பதில்: காத்தான்குடிக்குச் சொன்ன பதில்தான். சாறு கடைசியில்.

அக்கரைப்பற்றிலிருந்து: இதே ஓவனில கேக் அடிப்பிடிக்குது, என்ன செய்ய?

பதில்: கேக் செய்பவர்களைக் கேளுங்கள். எனக்கு மீன்தான் தெரியும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: மீன் தட்டில ஒட்டித் தோல் கிழியுது. முதலே தேசிப்புளி தடவினா ஒட்டாதா?

பதில்: புளிக்கும் ஒட்டுக்கும் தொடர்பில்லை, முதலே தடவவும் கூடாது. தட்டு சூடாக, மீன் காய்ந்ததாக, அடியில் மரக்கறிப் படுக்கை இருந்தால் ஒட்டாது. நடுவில் புரட்ட வேண்டாம். இறக்கி ஐந்து நிமிடம் விட்டு, அகலக் கரண்டியால் தலைப்பக்கமிருந்து எடுங்கள்.