சீரான தாளத்தில் உலுக்கப்படும் மீகடத்திகள்: கேள்வி பதில்

கே: ஒளியைப் பாய்ச்சினால் மீகடத்தியின் கூப்பர் ஜோடிகள் (மின்தடையின்றி ஓடும் எலக்ட்ரான் இணைகள்) உடைந்துவிடாதா சார்?

ப: ஒரு ஜோடியை உடைக்கத் தேவையான ஆற்றல் 2 டெல்டா; அதுதான் ‘இடைவெளி’. ஃபோட்டான் ஆற்றல் அதைத் தாண்டினால் நேரடியாக உடையும். நையோபியம் நைட்ரைடு என்ற மீகடத்தியில், தாழ்வெப்பத்தில், அந்த எல்லை சுமார் 1.3 டெராஹெர்ட்ஸ். 0.6 டெராஹெர்ட்ஸ் ஒளியால் உலுக்கினால் தனி ஃபோட்டானால் உடைக்க முடியாது. ஆனால் விளைவு ஒளியின் மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இடைவெளி 1.2-இல் ஊசலாடும், 1.8-இல் மூன்றாம் ஹார்மோனிக் (உலுக்கும் அதிர்வெண்ணின் மும்மடங்கில் எழும் ஒளி) வெளிவரும். மாதிரியை மெல்லச் சூடேற்றுங்கள். இடைவெளி சுருங்கி 1.2-ஐத் தொடும் வெப்பநிலையில் சமிக்ஞை உச்சம் காட்டும்.

கே: எனக்கு 1.8-இல் சமிக்ஞை வருகிறது. நம்பலாமா?

ப: ஒளிமூலமே கொஞ்சம் 1.8-ஐக் கசியவிடும். மாதிரிக்கு முன் 0.6-ஐ மட்டும் விடும் வடிகட்டி, பின்னால் 1.8-ஐ மட்டும் விடும் வடிகட்டி, இரண்டும் வேண்டும். பிறகு உலுக்கும் புலத்தைப் பாதியாக்குங்கள்: ஹார்மோனிக்கின் புலம் எட்டில் ஒன்றாக, செறிவு 64-இல் ஒன்றாக விழ வேண்டும். அவ்வளவு விழவில்லையென்றால் மாதிரி சூடாகிறது என்று சந்தேகப்படுங்கள். மீகடத்தல் மறையும் மாறுநிலை வெப்பநிலைக்கு மேலும் சமிக்ஞை நின்றால் அது கசிவுதான்.

கே: அந்த உச்சம்தானே ஹிக்ஸ் அலைவு, அதாவது இடைவெளியின் அளவே கூடிக் குறையும் அலைவு?

ப: அவசரப்படாதீர்கள். ஜோடி உடைந்து எழும் மின்னூட்ட அலைவுகளும் அதே 2 டெல்டாவில்தான் உச்சம் தரும்.

கே: 2014-லேயே ஹிக்ஸ் என்று காட்டிவிட்டார்களே!

ப: காட்டியது ஒத்ததிர்வை, அதாவது 2 டெல்டாவில் எழும் உச்சத்தை. 2016-இல் வந்த மறுப்பு, மாசற்ற படிகத்தில் மின்னூட்டப் பங்கே பெரிது என்றது. அப்படியானால் படிக அச்சைச் சுற்றி முனைவாக்கத்தைத் திருப்பும்போது சமிக்ஞை மாற வேண்டும். 2017 அளவீட்டில் மாறவில்லை. மாசு நிறைந்த படலத்தில் ஹிக்ஸ் பங்கு பெருகுவதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக நையோபியம் நைட்ரைடில் உங்கள் கட்சி வலுவானதுதான்; உச்சத்தை மட்டும் காட்டி வாதாடாதீர்கள்.

கே: உலுக்கினால் மீகடத்தல் கூடுமா?

ப: கூடும். 1966-இல் வயாட் குழுவும் 1967-இல் டேயமும் நுண்ணலையில் கண்டார்கள். 1970-இல் எலியாஷ்பெர்க் விளக்கினார். இடைவெளியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் குவாசித்துகள்கள்தான் (ஜோடி சேராத எலக்ட்ரான்கள்) ஜோடி சேர்வதை மிகுதியாகத் தடுக்கின்றன. நுண்ணலை அவற்றை மேலே தள்ளிவிடும், விளிம்பு காலியாகும், இடைவெளி விரியும். மாறுநிலைக்குச் சற்றுக் கீழே மட்டும். நுண்ணலை ஃபோட்டான் 2 டெல்டாவுக்குள் அடங்க வேண்டும்.

கே: பந்து வடிவக் கார்பன் மூலக்கூறுகளால் ஆன பொட்டாசியம் ஃபுல்லரைடு, ஒளி பாய்ச்சினால் அறை வெப்பத்தில் மீகடத்துமா?

ப: 2016 ஆய்வு சொன்னது சுமார் 100 கெல்வின் வரை, சமநிலையில் 20. அதிலும் கிளர்த்தும் ஒளி, அளக்கும் ஒளியைவிடக் குறைந்த ஆழமே இறங்குகிறது. அந்த ஆழச் சரிவை எப்படி ஊகிக்கிறோமோ, அதற்கேற்பக் கணக்கிடும் கடத்துதிறன் மாறும்.

கே: ஃபுளோக்கே நிலைகள் (சீரான உலுக்கலில் உருவாகும் குவாண்டம் நிலைகள்) நிலைத்து நிற்குமா?

ப: வெப்பம் எங்கே போகிறது என்று முதலில் எழுதுங்கள். வடிகால் இல்லாவிட்டால் சூடேறிக்கொண்டேதான் போகும்.

கே: ஒளி பாய்ச்சினால் ஜோடி உடையாதா?

ப: முதல் பதில்.