உலகக் கோப்பையே வெல்லாத இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமியை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கேள்வியோடு ஒரு விளக்கமும் கொடுத்திருக்கிறீர்கள். 2005, 2017 என்று இரண்டு இறுதிப் போட்டிகளில் ஆடி இரண்டிலும் தோற்றவர், ஒருநாள் போட்டிகளில் எடுத்த 255 விக்கெட்டும் ரொம்ப காலம் ஆடியதால் சேர்ந்ததுதானே என்று.

அந்த "ரொம்ப காலம்" என்பதைத்தான் நான் கொண்டாடுகிறேன். கல்லூரி அணிக்காக நானும் புதுப் பந்து வீசியிருக்கிறேன். அந்தச் சின்ன அளவிலேயே தெரியும், வேகப்பந்து உடம்பை என்ன பாடு படுத்தும் என்று. ஓடி வந்து முன்காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் நம் எடையைப் போலப் பல மடங்கு பாரம் கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் இறங்கும். சுழற்பந்து வீச்சாளரோ பேட்டரோ இருபது வருடம் ஆடினால் அது சாதனை. வேகப்பந்து வீச்சாளர் ஆடினால் அதை என்னவென்று சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. ஜூலன் 2002 ஜனவரியில் சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி ஆடினார், வயது 19. கடைசிப் போட்டி 2022 செப்டம்பரில், லார்ட்ஸில். ஒருநாள் போட்டிகளில் மட்டும் பத்தாயிரம் பந்துகளுக்கு மேல். மகளிர் கிரிக்கெட்டில் அவருக்கு முன்னால் யாரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

மேற்கு வங்கத்தில் நதியா மாவட்டத்துச் சக்தா என்ற சிற்றூர்தான் அவருக்குச் சொந்த ஊர். அங்கே பயிற்சிக்கு வழியில்லை. விடியும் முன்பே ரயில் பிடித்து, கொல்கத்தாவின் விவேகானந்தா பார்க்கில் ஸ்வபன் சாதுவிடம் பயிற்சி எடுத்துவிட்டு, திரும்பி வந்து பள்ளிக்கூடம் போக வேண்டும். 1997 உலகக் கோப்பை இறுதிப் போட்டி ஈடன் கார்டன்ஸில் நடந்தபோது எல்லைக் கோட்டுக்கு அருகே பந்து எடுத்துப் போடும் சிறுமிகளில் ஒருவராக நின்றார். ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் கோப்பையை வாங்குவதைப் பார்த்த பிறகுதான் இதுவே தன் வழி என்று முடிவு செய்ததாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதே ஈடன் கார்டன்ஸில் இன்று அவர் பெயரில் ஒரு பார்வையாளர் மாடம் இருக்கிறது.

அவர் நுழைந்த காலத்தில் மகளிர் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐயின் கீழ் இல்லை. தனிச் சங்கம் ஒன்று நடத்தியது, அதனிடம் பணம் இல்லை. முன்பதிவு இல்லாத பெட்டியில் பயணம், பொதுக் கூடத்தில் தங்கல், இதெல்லாம் அந்தத் தலைமுறை வீராங்கனைகள் எல்லோரும் சொல்லும் கதை. 2005 உலகக் கோப்பையில் இறுதி வரை போன அணிக்கு ஒரு போட்டிக்கு ஆயிரம் ரூபாய் வீதம் கிடைத்தது என்று அப்போதைய கேப்டன் மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். 2006இல்தான் பிசிசிஐயோடு இணைப்பு. மகளிருக்கு ஆண்டு ஒப்பந்தம் வந்தது 2015இல். முதல் பட்டியலின் ஏ பிரிவில் நான்கு பேர்: மிதாலி, ஜூலன், ஹர்மன்பிரீத், அப்புறம் நம் சென்னைப் பெண் திருஷ் காமினி. ஆண்டுக்கு 15 லட்சம். அதாவது தன் முதல் ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது ஜூலன் பதின்மூன்று வருடம் சர்வதேச கிரிக்கெட் ஆடி முடித்திருந்தார்.

பணத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது ஆட்டங்களே இல்லாமல் போனதுதான். 2006இல் இங்கிலாந்துத் தொடரைப் பாருங்கள். லெஸ்டர் டெஸ்டில் நைட் வாட்ச்மேனாக, அதாவது நாள் முடியும் நேரத்தில் முன்னணி பேட்டருக்குப் பதிலாக, இறங்கி அரைசதம் அடிக்கிறார். அடுத்து டான்டனில் முதல் இன்னிங்ஸில் 33 ரன்னுக்கு 5, இரண்டாவதில் 45 ரன்னுக்கு 5. இங்கிலாந்து மண்ணில் இந்திய மகளிர் முதன்முறையாக டெஸ்ட் தொடரை வென்றார்கள். ஜூலனுக்கு வயது 23. 2007இல் ஐசிசியின் உலகின் சிறந்த வீராங்கனை விருதும் வந்தது. அடுத்த டெஸ்ட் எப்போது? 2014இல். எட்டு வருடம்! உடம்பில் வேகமும் தெம்பும் உச்சத்தில் இருந்த காலம் முழுக்க ஒரு டெஸ்ட் கூட இல்லை. 2014இல் இரண்டு ஆடினார்கள். மைசூரில் நடந்த டெஸ்டில் காமினி 192 அடித்தார், அதோடு அவருக்கு இன்னொரு டெஸ்ட் கிடைக்கவே இல்லை, ஏனென்றால் இந்திய மகளிர் அடுத்து வெள்ளை உடை போட்டதே 2021இல். இதை எழுதும்போதே எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆக மொத்தம் இருபது வருடத்தில் ஜூலன் ஆடியது 12 டெஸ்ட், எடுத்தது 44 விக்கெட்.

ஆட்டமே இல்லாத மாதங்களில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் என்ன செய்வார்? எந்தத் தொடர் எப்போது வரும் என்று தெரியாமலே ஓட வேண்டும், எடை தூக்க வேண்டும், வலையில் ஆளில்லாத ஸ்டம்புக்கு வீச வேண்டும். பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். விட்டுவிட்டால் கேட்கவும் யாரும் இல்லை. ஜூலன் விடவில்லை. 2011இல் நியூசிலாந்துக்கு எதிராக 31 ரன்னுக்கு 6 விக்கெட். 2017 மே மாதம் தென்னாப்பிரிக்காவில் ஆஸ்திரேலியாவின் கேத்ரின் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் 180 விக்கெட் சாதனையைத் தாண்டினார். அடுத்த ஆண்டு 200. ஒருநாள் கிரிக்கெட்டில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

சரி, கோப்பைக்கு வருவோம். 2017 இறுதிப் போட்டியில் தோற்றதில் அவர் பங்கு என்ன என்று ஸ்கோர் கார்டை எடுத்துப் பாருங்கள். இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 146. சாரா டெய்லரும் நடாலி சிவரும் ஆட்டத்தைக் கையில் எடுத்திருந்தார்கள். ஜூலன் இரண்டாவது முறை பந்து வீச வந்தார். டெய்லர் கீப்பர் சுஷ்மா வர்மாவிடம் கேட்ச், அடுத்த பந்தே ஃபிரான் வில்சன் எல்பிடபிள்யூ. கொஞ்ச நேரத்தில் சிவரும் எல்பிடபிள்யூ. 10 ஓவர், 3 மெய்டன், 23 ரன், 3 விக்கெட். உலகக் கோப்பை இறுதியில், லார்ட்ஸில், 34 வயதில்! இங்கிலாந்து 228இல் நின்றது. நாம் 3 விக்கெட்டுக்கு 191 வரை வந்து, அங்கிருந்து 28 ரன்னுக்குள் ஏழு விக்கெட்டைக் கொடுத்து 9 ரன்னில் தோற்றோம். அந்தத் தோல்வியை அவர் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை. அதற்கு முந்தைய அரையிறுதியில் ஹர்மன்பிரீத்தின் 171 எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆஸ்திரேலிய கேப்டன் மெக் லேனிங்கைப் பூஜ்யத்தில் போல்டாக்கியது யார் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? ஜூலன்தான்.

2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியா கோப்பையைத் தூக்கியபோது, அணியினர் மைதானத்திலேயே அதைக் கொண்டுபோய் ஜூலன், மிதாலி, முன்னாள் கேப்டன் அஞ்சும் சோப்ரா கைகளில் கொடுத்தார்கள். ஜூலன் அழுதுவிட்டார். கோப்பையை வென்றவர்களுக்கே அது யாருடையது என்று தெரிந்திருக்கும்போது, அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த வரி இல்லாததைப் பெரிய குறையாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. அவருடைய கடைசிப் போட்டியில் 10 ஓவரில் 30 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தார், இந்தியா இங்கிலாந்தில் தொடரை 3-0 என்று வென்றது. ஆனால் தீப்தி ஷர்மா, பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த சார்லி டீனை ரன் அவுட் செய்ததால், அதன் பிறகு ஊரெல்லாம் அந்த ஒரு விக்கெட்டைப் பற்றித்தான் பேசியது. அது விதிப்படி சரியான அவுட். இருந்தாலும் அந்த வாரம் ஜூலனைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய வாரம். இன்னொன்று, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே போட்டிச் சம்பளம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம் என்று பிசிசிஐ அறிவித்தது 2022 அக்டோபர் இறுதியில், அவர் ஓய்வு பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு மகளிர் பிரீமியர் லீக் வந்தது. அதில் மும்பை இந்தியன்ஸுக்கு ஆலோசகராகவும் பந்துவீச்சுப் பயிற்சியாளராகவும் போனார், வீராங்கனையாக அல்ல.

இவ்வளவு சொல்லியும் நம்பிக்கை வராவிட்டால் 2021 ஆஸ்திரேலியத் தொடரைத் தேடிப் பாருங்கள். மெக்கே நகரில் இரண்டாவது ஒருநாள் போட்டி. கடைசிப் பந்தில் ஆஸ்திரேலியாவுக்கு 3 ரன் வேண்டும், பந்து ஜூலன் கையில். நிக்கோலா கேரி அடித்த பந்து கேட்சாகிறது, நம் பெண்கள் கொண்டாடத் தொடங்கிவிடுகிறார்கள். நடுவர் பரிசோதித்துவிட்டு, பந்து இடுப்புக்கு மேலே போனது, நோ பால் என்கிறார். அதற்கே ஆஸ்திரேலியாவுக்கு ஒரு ரன். மீண்டும் வீசிய பந்தில் 2 ரன், ஆட்டம் போச்சு. 38 வயது, அதிலும் அப்படி ஒரு முடிவு. அடுத்த போட்டிக்கு நடுவே ஒரே ஒரு நாள்தான்.

அந்த மூன்றாவது போட்டியில் ஒரே ஓவரில் ரேச்சல் ஹெய்ன்ஸையும் லேனிங்கையும் அனுப்பினார். மொத்தம் 37 ரன்னுக்கு 3 விக்கெட். 265 ரன் துரத்தலில் எட்டு விக்கெட் போன பிறகு, கடைசி ஓவரில் பந்தை நேராகத் தூக்கி அடித்து பவுண்டரியோடு ஆட்டத்தை முடித்தவரும் அவரே. தொடர்ந்து 26 ஒருநாள் போட்டிகளை வென்றிருந்த ஆஸ்திரேலியா அன்று தோற்றது. ஆட்ட நாயகி விருதும் அவருக்குத்தான். நான்கு நாள் கழித்து கோல்டு கோஸ்ட்டில் இந்திய மகளிரின் முதல் பகலிரவு டெஸ்ட் தொடங்கியது, இளஞ்சிவப்புப் பந்தை முதலில் வாங்கி வீசியவர் ஜூலன். அவருடைய பன்னிரண்டாவது டெஸ்ட் அது, கடைசி டெஸ்டும் கூட.